வில்லின் இரு கைகள்

இளங்கிளை ஒன்றை வளைத்து இரு முனைகளிலும் கயிற்றைக் கட்டிவிட்டால் அது வில்லாகிவிடும் என்றுதான் குழந்தைப் பருவத்தில் நாம் எல்லோரும் எண்ணியிருக்கிறோம். அப்படிச் செய்த வில்லும் நாலு நாள் விளையாட்டுக்கு உதவாமற் போவதில்லை. ஆனால் ஆயிரம் முறை இழுத்து விட்ட பிறகும் முறியாமலும், உருக்குலையாமலும், முதல் நாள் எய்த அதே வேகத்தோடு அம்பைச் செலுத்தவல்ல ஒரு மரவில்லைக் கையில் எடுத்து உற்றுப் பார்த்தால், நடுவிலிருந்து நுனிவரை அதன் பருமனும் அகலமும் ஓரிடத்தில் இருப்பதுபோல் மற்றோரிடத்தில் இல்லை என்பதும், அந்த வேறுபாடு கைபோன போக்கில் நேர்ந்ததன்று, விரற்கடை விரற்கடையாக ஆராய்ந்து விடப்பட்டது என்பதும் புலனாகும். மரத்தைப் பிளந்து வில்லின் உருவத்துக்குக் கொண்டுவருவது கோடரியும் இழைப்புளியும் பழகிய எந்தத் தச்சனுக்கும் ஆகிற காரியம். அதன் இரு பாதிகளும் தத்தம் கடமைக்கு ஏற்ற அளவில் வளையும்படி சுரண்டிச் சுரண்டிச் சமன்செய்வதுதான் வில் தச்சனுக்கே உரிய வித்தை.

அந்த வித்தையின் நோக்கத்தை அறிய வேண்டுமானால், வில் என்ன வேலை செய்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். மனிதனுடைய தசைகள் மெதுவாகவும் பலமாகவும் உழைக்க வல்லவை. ஆயினும் முப்பது கிராம் எடையுள்ள அம்பு ஒன்றைக் கையால் வீசும்போது, அந்தப் பலத்தின் பெரும்பகுதி கையையும் தோளையும் அசைப்பதிலேயே செலவாகிவிடுகிறதே அல்லாமல் அம்புக்குப் போய்ச் சேருவதில்லை. வில்லோ, நாம் நிதானமாக இழுக்கும்போது செய்த வேலையைத் தன் மரத்திலே சக்தியாகச் சேர்த்து வைத்துக்கொண்டு, விரல் விட்ட கணத்தில் அதைத் திருப்பித் தந்துவிடுகிறது. நாணை 55 சென்டிமீட்டர் இழுக்கும்போது இழுவிசை சுழியத்தில் தொடங்கிப் படிப்படியாக ஏறி 18 கிலோகிராம் எடைக்குச் சமமாகிறது என்று வைத்துக்கொண்டால், வில்லில் சேரும் சக்தி ஏறத்தாழ 50 ஜூல் ஆகும். நன்றாகச் செய்த மரவில் அதில் பாதிக்கு மேற்பட்ட பங்கை அம்புக்கு அளிக்கும், எஞ்சியது நாணையும் வில்லின் கைகளையும் அசைப்பதில் கழிந்துவிடும்.

இந்தச் சக்தி மரத்தில் எந்த இடத்தில் சேமிக்கப்படுகிறது என்று கேட்டால், எந்த இடம் வளைகிறதோ அந்த இடத்தில், வளைகிற அளவுக்குத் தக்கபடி, என்பதே விடை. வளையாத இடம் ஒன்றும் சேமிப்பதில்லை. வில்லுக்கு அது வெறும் சுமை. அளவுக்கு மிஞ்சி வளையும் இடமோ, தன் பங்கையும் பிறர் பங்கையும் சேர்த்துத் தாங்க முயன்று நொந்துபோகிறது. பல்லக்குச் சுமக்கும் எட்டுப் பேரில் ஒருவன் தோளைத் தாழ்த்திக்கொண்டால் பாரம் குறைந்துவிடுவதில்லை, பக்கத்தில் நிற்பவன் தோளில் அது ஏறுகிறது, மரத்திலும் அப்படியே. ஆகவே வில்லைச் சமன்செய்வது என்றால், உழைக்காமல் நிற்கும் மரத்தைக் கண்டுபிடித்து உழைக்கச் செய்து, அளவுக்கு மீறி உழைக்கும் மரத்துக்கு இளைப்பாறுதல் கொடுப்பதுதான்.

மேலே செல்வதற்கு முன் வில்லின் உறுப்புகளுக்குப் பெயர் வைத்துக்கொள்வோம். எய்பவன் பற்றும் நடுப்பகுதி பிடி. அதற்கு மேலுள்ள பாதி மேற்கை, கீழுள்ளது கீழ்க்கை. நுனியில் நாணை மாட்டுவதற்காக வெட்டிய இடம் குதை. குறியை நோக்கியிருக்கும் புறம் முதுகு, எய்பவனை நோக்கியிருக்கும் புறம் வயிறு. நாணை இழுக்கும்போது முதுகில் உள்ள நார்கள் நீட்டப்படுகின்றன. வயிற்றில் உள்ளவை நெருக்கப்படுகின்றன. இரண்டுக்கும் இடையே நீளாமலும் சுருங்காமலும் ஒரு மெல்லிய நடுப்படலம் இருக்கிறது. அந்தப் படலத்திலிருந்து எவ்வளவு தூரம் விலகியிருக்கிறதோ அவ்வளவுக்கு நாரின் நீட்சியோ நெருக்கமோ அதிகம். இரண்டு சென்டிமீட்டர் பருமனுள்ள மரத்தை ஒரு மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பகுதியாக வளைத்தால், அதன் இரு மேற்பரப்புகளும் நூற்றில் ஒரு பங்கு நீளவும் சுருங்கவும் வேண்டியிருக்கிறது. நூற்றில் ஒன்று என்பது கேட்பதற்கு அற்பமாகத் தோன்றலாம். ஆனால் பெரும்பாலான மரங்களுக்கு அது பொறுமையின் எல்லை.

அந்த எல்லை இரு புறங்களுக்கும் ஒன்றாக இல்லை என்பது கவனிக்கத்தக்கது. மரத்தின் உயிரணுச் சுவர்களில் நீளவாக்கில் ஓடும் செல்லுலோஸ் இழைகள் இழுப்பதற்கு நன்றாகத் தாக்குப்பிடிக்கும். நெருக்கும்போதோ, மெல்லிய குழாய்கள்போல் இருக்கும் அந்த உயிரணுக்களின் சுவர் மடிந்து கசங்கிவிடுகிறது. அதனால் பழுதற்ற மரம் நெருக்கத்தைக் காட்டிலும் இழுப்பை ஏறத்தாழ இரு மடங்கு தாங்கும். வில் தச்சனுடைய கவலையில் பாதிக்கு மேல் வயிற்றைப் பற்றியதாக இருப்பதற்கு இதுவே காரணம். முதுகு சேதமானால் வில் ஒரே சத்தத்தில் இரண்டு துண்டாகும்; வயிறு சேதமானால் வில் முறியாமலே, யாரும் அறியாமலே, நாளுக்கு நாள் தளர்ந்துவிடும்.

ஐரோப்பியர் யூ மரத்தை விரும்பியதன் ரகசியமும் இங்கேதான் இருக்கிறது. அதன் உள்ளே இருக்கும் செந்நிற வைரம் நெருக்கத்தைப் பொறுப்பதில் சிறந்தது. அதைச் சூழ்ந்திருக்கும் வெளிர்நிற வெளிறோ இழுப்பைப் பொறுப்பதில் சிறந்தது. வெளிறு முதுகாகவும் வைரம் வயிறாகவும் அமையும்படி கட்டையைப் பிளந்தெடுத்தால், வெவ்வேறு சுபாவமுள்ள இரண்டு பொருள்களை ஒட்டவைத்தது போன்ற ஒரு வில் இயற்கையின் கையாலேயே கிடைத்துவிடுகிறது. 1545-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் தேதி போர்ட்ஸ்மத் துறைமுகத்துக்கு அருகே மூழ்கி, 1982 அக்டோபரில் கடலடியிலிருந்து தூக்கியெடுக்கப்பட்ட ‘மேரி ரோஸ்’ என்ற ஆங்கிலப் போர்க்கப்பலில் 130-க்கும் மேற்பட்ட முழு விற்கள் கிடைத்தன. எல்லாம் யூ மரத்தில் செய்தவை. எய்பவன் உயரத்தையும் மிஞ்சி, சுமார் இரண்டு மீட்டர் நீளமுள்ளவை. அவற்றை முழுவதும் இழுப்பதற்கு 45 முதல் 80 கிலோகிராம் வரை எடையைத் தூக்கும் பலம் வேண்டியிருந்திருக்கும் என்று ஆராய்ச்சியாளர் கணித்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் நல்ல யூ மரம் போதாமையால், அந்நாட்டுத் துறைமுகங்களுக்குச் சரக்கு கொண்டுவரும் வணிகர்கள் ஒவ்வொரு டன் சரக்கோடும் நான்கு விற்கட்டைகளையும் கொண்டுவர வேண்டும் என்று 1472-இல் சட்டமே இயற்றப்பட்டது.

மரம் எதுவாயினும் அதைப் பக்குவப்படுத்துவதில் இரண்டு விதிகளை மீற முடியாது. முதலாவது, முதுகின் மேற்பரப்பில் நார் அறுபடக் கூடாது. அறுத்த பலகையில் வாள் நேர்கோட்டில் போகுமே அல்லாமல் நாரின் வழியே போவதில்லை. ஆகையால் அடிமரத்தை ஆப்பு வைத்துப் பிளந்து, நார் எந்த வழியில் ஓடுகிறதோ அந்த வழியையே வில்லின் வழியாகக் கொள்வார்கள். அமெரிக்காவின் ஓசேஜ் ஆரஞ்சு போன்ற மரங்களில் ஒரே ஆண்டு வளையத்தைப் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து நுனிவரை அதை எங்கும் வெட்டிவிடாமல் முதுகாக விட்டுவைப்பது வழக்கம். கணு இருந்தால் அதைச் சுற்றி மேடாகவே விடுவார்களே அன்றிச் சமதளமாக இழைக்கமாட்டார்கள். இரண்டாவது, ஈரம். பச்சை மரம் வளைந்த இடத்திலேயே நின்றுவிடும். அளவுக்கு மேல் உலர்ந்த மரம் படீரென்று முறியும். மரத்தின் எடையில் நூற்றுக்கு எட்டு முதல் பத்து பங்கு நீர் இருக்கும் நிலையே மரவில்லுக்கு உகந்தது. ஆதலால் பிளந்த கட்டையை நிழலில் அடுக்கி, வெடிக்காமல் இருக்க வெட்டுமுகங்களில் மெழுகோ வண்ணமோ பூசி, மாதக்கணக்கில் காத்திருப்பார்கள்.

இனிக் கணிதத்துக்கு வருவோம். அது அஞ்சத்தக்க கணிதமன்று. ஒரு மரச்சட்டம் வளைவதை எதிர்க்கும் வலு அதன் அகலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. பருமனுக்கோ மூன்றாவது அடுக்கில் இருக்கிறது. அகலத்தை இரு மடங்காக்கினால் விறைப்பும் இரு மடங்காகும். பருமனை இரு மடங்காக்கினாலோ எட்டு மடங்காகிவிடும். இதை எதிர்த்திசையில் சிந்தித்தால் வில் தச்சனுடைய உளி ஏன் அத்தனை அச்சத்தோடு நகர்கிறது என்பது தெளிவாகும். 20 மில்லிமீட்டர் பருமனுள்ள இடத்தில் இரண்டே மில்லிமீட்டரைச் சீவிவிட்டால் பருமன் பத்தில் ஒரு பங்கு குறைகிறது. விறைப்போ நான்கில் ஒரு பங்குக்கும் மேல் போய்விடுகிறது. நுனிப்புறத்தில் 12 மில்லிமீட்டர் பருமனே உள்ள இடத்தில் ஒரு மில்லிமீட்டரைச் சீவினாலும் ஏறத்தாழ அதே அளவு நஷ்டம். கண்ணுக்குத் தெரியாத தவறு வளைவில் வெளிச்சமாகத் தெரிவதற்கு இந்த மூன்றாவது அடுக்கே காரணம். ஆகவே, வேலை முற்றுந்தோறும் கோடரியைக் கீழே வைத்து இழைப்புளியையும், இழைப்புளியைக் கீழே வைத்து அரத்தையும், அரத்தையும் விட்டுக் கூரான தகட்டையும் எடுத்துக்கொண்டு, கடைசியில் மரத்தூளைத் தவிர வேறொன்றும் உதிராத அளவுக்கு மெல்லச் சுரண்டுவார்கள். வட அமெரிக்காவின் யாஹி இனத்தவருள் எஞ்சியிருந்த ஒரே மனிதராய் 1911-இல் கலிபோர்னியாவில் வெளிப்பட்டு, மருத்துவர் சாக்ஸ்டன் போப்புக்கு வில்வித்தை கற்பித்த இஷி என்பவரும், கல்லால் சுரண்டியும் மணற்கல்லில் தேய்த்துமே தம் வில்லுக்கு இறுதி உருவம் கொடுத்தார்.

எங்கே எவ்வளவு விறைப்பு வேண்டும்? நாண் நுனியைப் பற்றி இழுக்கிறது. ஆகவே வளைக்கும் முயற்சி நுனியில் ஒன்றுமில்லாமல் தொடங்கி, பிடியை நெருங்க நெருங்க வளர்ந்து, பிடியருகே உச்சத்தை அடைகிறது. கை முழுவதும் ஒரே கனமும் அகலமும் உள்ள கழி பிடியருகே மட்டும் மடங்கி, நுனிப்புறங்கள் நேராகவே நிற்பது இதனால்தான். விளையாட்டு வில்லின் குறையும் இதுவே. முயற்சி குறைகிற அளவுக்கு மரமும் குறைந்துகொண்டு போனால்தான் எல்லா இடமும் உழைக்கும். இதைச் சாதிக்க இரண்டு வழிகள் உண்டு. பருமனை எங்கும் ஒன்றாக வைத்துக்கொண்டு, அகலத்தை மட்டும் பிடியிலிருந்து நுனிவரை நேர்கோட்டில் குறுக்கிக்கொண்டு போனால், கை வட்டத்தின் ஒரு பகுதியாக அழகாக வளையும். பருமன் ஒன்றாக இருப்பதால் நார்களின் வருத்தமும் எங்கும் ஒன்றாக இருக்கும். அகலத்தை ஏறக்குறைய ஒன்றாக வைத்துப் பருமனைக் குறைத்துக்கொண்டு போவதானால், மெலிந்த நுனிப்பகுதி அதே வருத்தத்துக்கு அதிகமாக வளைய இயலும் ஆகையால், வளைவு பிடியருகே மந்தமாகவும் நுனியை நெருங்க நெருங்கக் கூடுதலாகவும் இருக்க வேண்டும். அது வட்டமாக இராமல் நீள்வட்டத்தை ஒத்திருக்கும். இவற்றை அறியாதவன், அகலம் மாறாத வில்லை வட்டமாக வளையும்படி செய்துவிட்டு, பிடியருகே மரம் ஏன் நசுங்குகிறது என்று திகைப்பான்.

கொள்கை இவ்வளவே, இதை மரத்தில் ஏற்றுவது எப்படி என்று பார்ப்போம். முதற்பரீட்சை தரையிலேயே நடக்கிறது. வில்லின் ஒரு நுனியைத் தரையில் ஊன்றி, பிடியைக் கையால் அழுத்தினால் கை சிறிதே வளையும். அந்த வளைவைக் கண்ணால் நோக்கி, விறைத்து நிற்கும் பகுதியில் வயிற்றுப்புறத்தைச் சீவுவார்கள். இரு கைகளும் ஓரளவு இசைந்த பிறகு, வில்லைவிட நீளமான தளர்ந்த நாண் ஒன்றைக் குதைகளில் மாட்டி, பிடியை ஒரு தாங்கியின் உச்சியில் வைத்து, கப்பியின் வழியே கயிற்றால் நாணைக் கீழே இழுத்து, சில அடி தூரம் விலகி நின்று பார்ப்பார்கள். அந்தத் தூரம் அவசியமானது. கைக்கெட்டும் இடத்தில் நின்று பார்ப்பவனுக்கு ஓர் இடத்தின் வளைவு தெரியுமே தவிர வில்லின் வளைவு தெரியாது. கண்ணுக்குத் துணையாக, ஒரு சாண் நீளமுள்ள நேரான சட்டத்தை வயிற்றின்மேல் வைத்து நகர்த்துவதும் உண்டு. சட்டத்தின் நடுவே தெரியும் இடைவெளி எங்கும் ஒன்றாக இருந்தால் வளைவு வட்டமானது; ஓரிடத்தில் இடைவெளி பெருத்தால் அங்கே மரம் மெலிந்திருக்கிறது; அற்றுப்போனால் அங்கே மரம் உறங்குகிறது. முழு இழுப்பில் ஒரு மீட்டர் ஆரமுள்ள வளைவுகூட 15 சென்டிமீட்டர் சட்டத்தின் நடுவில் மூன்று மில்லிமீட்டர் இடைவெளியைத்தான் காட்டும் என்றால், பழகிய கண் எத்தனை நுட்பமான வேற்றுமைகளைப் பிரித்தறிகிறது என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இந்த வேலையின் தலையாய விதி ஒன்றே: வளையாத இடத்தில் சீவு, வளையும் இடத்தைத் தொடாதே. எடுத்த மரத்தை மீண்டும் ஒட்டவைக்க வழியில்லை. ஆதலால் மெலிந்த இடத்துக்கு வலுவூட்ட ஒரே உபாயம், அதைச் சுற்றியிருக்கும் எல்லா இடங்களையும் அதன் அளவுக்கு மெலியவைப்பது. அதற்கு விலையாக வில்லின் முழு வலுவும் குறைகிறது. கீல் போல ஓரிடத்தில் மட்டும் மடங்கும் வில்லைத் திருத்தப் புகுந்தவன், நாற்பது கிலோகிராம் வில்லைத் தொடங்கி, கடைசியில் இருபது கிலோகிராம் வில்லோடு எழுந்திருப்பது உலகெங்கும் நடக்கிற சங்கதி.

இரண்டாவது விதி, உத்தேசித்த இழுவிசைக்கு மேல் எந்த நிலையிலும் இழுக்கக் கூடாது என்பது. 20 கிலோகிராம் வில்லைச் செய்ய நினைப்பவன், நாண் ஒரு சாண் தூரமே வந்திருந்தாலும் தராசு இருபதைக் காட்டியவுடன் நிறுத்திவிட வேண்டும். சிறிது சீவ வேண்டும். அதே இருபதுக்கு நாண் இன்னும் கொஞ்சம் தூரம் வரும். இப்படிப் படிப்படியாக நாணைக் குட்டையாக்கி, வில்லின் வயிற்றுக்கும் நாணுக்கும் இடையே சுமார் 15 சென்டிமீட்டர் இருக்கும்படி பூட்டி, கடைசியில் எய்பவனுடைய முழு இழுப்பை எட்டுவார்கள். ஒவ்வொரு முறை சீவிய பிறகும் இருபது முப்பது தடவை மெதுவாக இழுத்து விடுவது அவசியம். ஏனெனில் மரம் புதிய நிலைமையை உடனே காட்டிவிடுவதில்லை. பலமுறை வளைந்த பிறகே அதன் உண்மையான சுபாவம் வெளிப்படும். அந்தப் பொறுமையில்லாமல் மேலும் மேலும் சீவிக்கொண்டு போகிறவன், தான் பத்து நிமிஷத்துக்கு முன்பு செய்த தவற்றின் விளைவைப் பிறகு காண்பான். முழுக்க இழுத்த வில் பத்தில் ஒன்பது பங்கு முறிந்த வில் என்று ஆங்கில வில் தச்சரிடையே வழங்கும் பேச்சு மிகைபோல் தோன்றினாலும், நார்களின் எல்லையை நினைத்துப் பார்த்தால் அதில் மிகை அதிகம் இல்லை.

ஒவ்வொரு கையும் தனக்குள் சீராக வளைந்தால் மட்டும் போதாது. இரு கைகளும் ஒன்றுக்கொன்று இசைய வேண்டும். தாங்கியில் வைத்துக் கயிற்றால் இழுக்கும்போது, நாணைப் பற்றிய கொக்கி நேர்கீழே இறங்காமல் ஒரு பக்கமாக ஒதுங்கினால், ஒதுங்கிய பக்கத்துக் கையே வலியது என்று முடிவுசெய்யலாம். அப்படிப்பட்ட வில்லைக் கையில் பிடித்து எய்தால், விடுபடும் கணத்தில் வலிய கை முந்திக்கொண்டு திரும்ப, நாணில் அம்பு தொற்றியிருக்கும் இடம் மேலோ கீழோ உதைபட்டு, அம்பின் வால் ஆடிக்கொண்டே போகும்; பிடித்த கைக்கும் ஓர் அதிர்ச்சி உண்டு. ஆயினும் இரு கைகளும் முற்றிலும் ஒரே விறைப்பாக இருக்க வேண்டும் என்று நினைப்பது சரியன்று. அம்பு பிடித்த கைக்கு மேலாகச் செல்ல வேண்டியிருப்பதால், கையின் அழுத்தம் வில்லின் நடுவுக்குச் சற்றுக் கீழே விழுகிறது. அதனால் கீழ்க்கை குட்டையான கையைப் போல் நடந்துகொண்டு, அதிகப் பாரத்தை ஏற்கிறது. அதை ஈடுசெய்யக் கீழ்க்கையைச் சிறிது விறைப்பாக விடுவார்கள். நாணேற்றிய வில்லில் நாணுக்கும் மேற்கையின் அடிக்கும் உள்ள தூரம் கீழ்க்கையில் உள்ளதைவிட மூன்று முதல் ஆறு மில்லிமீட்டர் அதிகமாக இருந்தால் அது ஒழுங்கு. ஜப்பானியருடைய நெடுவில்லிலோ பிடியே நடுவில் இல்லை. அடியிலிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இருக்கிறது. மேலே நெடியதாகவும் கீழே குறுகியதாகவும் அமைந்த அவர்களுடைய மரவில்லைப் பற்றி மூன்றாம் நூற்றாண்டுச் சீன வரலாறே குறிப்பிடுகிறது. நீளத்தில் இத்தனை வேறுபாடுள்ள இரு கைகளையும் ஒரே கணத்தில் திரும்பி வரச் செய்ததில், அந்நாட்டு வில் தச்சருடைய சாமர்த்தியம் வெளிப்படுகிறது.

சமன்செய்வதில் நேர்ந்த பிழைகளை வில் மறைத்து வைப்பதில்லை. நாணைக் கழற்றிய பிறகும் நேராகாமல் வளைந்தே நிற்கும் தளர்ச்சி முதலாவது. வயிற்றில் உயிரணுக்கள் கசங்கியதன் அடையாளம் அது. நுனிகள் மூன்று நான்கு சென்டிமீட்டர் பின்தங்குவதை மரவில்லில் பொறுத்துக்கொள்ளலாம், அதற்கு மேற்பட்டால் நாண் ஆரம்பத்திலேயே இறுக்கம் இழந்து, சேமிக்கும் சக்தி குறைந்துபோகும். தளர்ச்சி எங்கே நேர்ந்தது என்பதும் முக்கியம்: பிடியருகே மரம் சற்றே நசுங்கினாலும், கையின் நீளம் முழுவதும் நெம்புகோலாக அமைந்து, நுனியில் அதைப் பன்மடங்காக்கிக் காட்டும். வயிற்றின் குறுக்கே நூலிழை போல் தோன்றும் நசுங்கற்கோடுகள் இரண்டாவது அறிகுறி. இக்குறையை 1545-இலேயே, மேரி ரோஸ் மூழ்கிய அதே ஆண்டில், ‘டாக்சோஃபிலஸ்’ என்ற நூலில் ரோஜர் ஆஸ்கம் எழுதிவைத்திருக்கிறார். பிற்காலத்தில் இளவரசி எலிசபெத்துக்கு ஆசிரியராக இருந்த அந்தப் பண்டிதர், புதிய வில்லை வெளியே கொண்டுபோய்க் கனத்த அம்புகளால் பழக்கி, எந்த இடம் அதிகமாக வளைகிறது என்று கவனித்து, அவ்விடம் நசுங்கி அரிக்கப்படுவதற்கு முன்பே பரிகாரம் தேட வேண்டும் என்று உபதேசிக்கிறார். கருவிகள் ஒன்றுமில்லாத காலத்தில் சொல்லப்பட்டதாயினும், இன்றைய பொறியியல் இதில் திருத்த ஒன்றுமில்லை.

நுனிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நாண் விடுபட்டதும் வில்லின் பாகங்களில் மிகுந்த வேகத்தோடு பாய்பவை நுனிகள். இயக்கசக்தி வேகத்தின் வர்க்கத்துக்குத் தக்கபடி வளர்வதால், நுனியில் வீணாக விட்ட ஒவ்வொரு கிராமும் அம்புக்குச் சேர வேண்டியதைத் தின்றுவிடுகிறது. பிடியருகே இருக்கும் மரத்துக்கு இந்தத் தோஷம் இல்லை, அது அசைவதே அரிது. 1930-களில் அமெரிக்காவில் கிளாரன்ஸ் ஹிக்மன், பால் கிளாப்ஸ்டெக் முதலிய பௌதிக நிபுணர்கள் வில்லைச் சோதனைச்சாலைக்குக் கொண்டுவந்து, அம்பின் வேகத்தையும் வில்லின் சக்தியையும் முறையாக அளந்தார்கள். அம்புக்குப் போகாமல் வில்லிலேயே தங்கிவிடும் சக்தியை, அம்போடு சேர்ந்து பறக்கும் ஒரு கற்பனைப் பாரமாகப் பாவித்துக் கணக்கிடும் முறையை 1943-இல் கிளாப்ஸ்டெக் விளக்கினார். அந்தப் பாரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கு வில் சிறந்தது. ஆங்கில நெடுவில்லின் உருண்ட வயிற்றைவிடத் தட்டையான வயிறே மேலானது என்று காட்டியவர் ஹிக்மன். உருண்ட வயிற்றில் நெருக்கம் முழுவதும் நடுவிலுள்ள ஒரு குறுகிய முகட்டில் விழுகிறது. தட்டையானதில் அது அகலம் முழுவதும் பரவிவிடுகிறது. நெருக்கத்தைப் பொறுக்கும் யூ மரத்துக்கு மட்டுமே அந்த உருண்டை வடிவம் கட்டுப்படியாயிற்று.

ஆனால் சோதனைச்சாலை கண்ட இந்த உண்மையை மனிதன் அதற்கு வெகுகாலம் முன்பே கையால் கண்டிருந்தான். டென்மார்க்கின் ஹோல்மகார்ட் சதுப்பு நிலத்தில் 1944-இல் புல்கரி வெட்டும்போது அகப்பட்ட எல்ம் மர விற்கள் ஏறத்தாழ ஒன்பதாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை. அவற்றின் கைகள் அகன்று தட்டையாக இருந்து, நுனியில் ஒடுங்குகின்றன. இழுப்பைத் தாங்குவதில் கெட்டியான எல்முக்கு இதைவிடப் பொருத்தமான வடிவத்தை ஹிக்மனும் சொல்லியிருக்க மாட்டார். 1991-இல் ஆல்ப்ஸ் மலையின் பனியிலிருந்து வெளிப்பட்ட, ‘ஓட்ஸி’ என்று அழைக்கப்படும் 5,300 ஆண்டுப் பழைய மனிதனிடத்தில் 1.82 மீட்டர் நீளமுள்ள யூ மர வில் ஒன்று இருந்தது; குதை வெட்டாமல், வெட்டுத்தடங்கள் அழியாமல், பாதி வேலையிலேயே நின்றுவிட்ட வில் அது. முடிந்த வில் தன்னைச் செய்த விதத்தை மறைத்துவிடும். முடியாத இந்த வில்லோ, அக்காலத்து மனிதனும் முதலில் கனமாக விட்டு, பிறகு சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டு வந்தான் என்பதைத் தன் உடம்பிலேயே எழுதிவைத்திருக்கிறது. நீட்சிக்கும் விசைக்கும் உள்ள விகிதத்தை ராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்டார். வளையும் சட்டத்தின் வடிவத்தை ஆய்லர் 1744-இல் கணித்தார். அந்தக் கணக்கின் விடைகளைப் பல ஆயிரம் ஆண்டுகளாக மனிதர் தோளில் சுமந்து வேட்டைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அப்படியானால் இன்று அந்தச் சமன்பாடுகளைக் கொண்டு, அளவுகளை முன்கூட்டியே வகுத்து, ஒரே சீவலில் வில்லை முடித்துவிடலாகாதா என்று கேட்கத் தோன்றும். கண்ணாடியிழை போன்ற செயற்கைப் பொருள்களில் அவ்வாறுதான் செய்கிறார்கள். அங்கே ஒரு விரற்கடை மற்றொரு விரற்கடையைப் போலவே இருக்கிறது. மரமோ அத்தகைய பொருளன்று. ஒரே அடிமரத்தின் வெயில்பட்ட பக்கமும் நிழற்பக்கமும் வெவ்வேறாக வளர்கின்றன. ஓர் ஆண்டின் வளையம் தடித்தும் மறு ஆண்டினது மெலிந்தும் இருக்கின்றன. கிளை விட்ட இடத்தில் நார் சுழித்துக்கொண்டு போகிறது. வேர்ப்பக்கத்து மரம் உச்சிப்பக்கத்து மரத்தைவிடக் கனமாக இருக்கலாம். சமன்பாட்டில் ஒரே எண்ணாக எழுதிவிடுகிற விறைப்புக் குணம், உண்மையான கட்டையில் சாணுக்குச் சாண் மாறுகிறது; அந்த மாற்றத்தை வெளியிலிருந்து அளந்தறிவதைவிட வளைத்துப் பார்த்து அறிவது எளிது. ஆகையால் கணிதம் தருகிற அளவுகளை வில் தச்சன் தொடக்கமாகக் கொண்டு, அவற்றைவிடச் சிறிது கனமாகவே மரத்தை விட்டுவைத்து, மிச்சத்தை வளைவின் தீர்ப்புக்கு விடுகிறான். நன்றாகச் சமன்செய்த வில் ஒன்றின் இரு கைகளையும் ஒரே தூரத்தில் நுண்ணிய அளவுகோலால் அளந்து பார்த்தால் பருமன் ஒத்திருக்காமலே இருக்கலாம். ஒன்றில் மரம் சற்று மென்மையாக இருந்திருக்கும், அங்கே அவன் கொஞ்சம் கூடுதலாக விட்டிருப்பான். அந்த வேறுபாட்டைப் பிழையென்று கருதி அளவை ஒன்றாக்கிவிட்டால், அளவு சரியாகும், வில் கெட்டுப்போகும்.